குருசாமிக்கு ஒரு டாக்டர்

"எங்கே, இன்னொருக்கா சொல்லு தம்பி. டாக்டருக்கு எதுக்குப் படிக்கணும்?"

"கிராமத்துல சேவை செய்ய."

"சிரிச்சுக்கிட்டே சொல்லாத. லேசாத் தொண்டை கம்முற மாதிரி சொல்லணும். எந்தக் கிராமம்னு கேட்டா?"

"கான்சாபுரம்."

"அம்புட்டுத்தான். உள்ள அப்படிச் சொல்லிரு. படிச்சு முடிச்ச பொறவு ராஜபாளையத்துல கிளினிக் வச்சுக்கிடலாம். நம்ம கடை மாடி காலியாத்தான் கெடக்கு."

மதுரையில் மெடிக்கல் சீட்டுக்கு இண்டர்வியூ நடந்துகொண்டிருந்த கட்டிடம் அது. நுழைவுத் தேர்வெல்லாம் வராத எண்பத்திரண்டாம் வருஷம். பிளஸ் டூ மார்க் இருந்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் மூன்று பேருக்கும் மனசு இளக வேண்டும். வராந்தா பெஞ்சுகளில் பையன்களும் பெண்களும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்களைச் சுற்றி நின்ற பெரியவர்களுக்குத்தான் அதிகமாக வேர்த்தது.

குருசாமிக்கு சட்டையே நனைந்துவிட்டது. ராஜபாளையத்தில் அவருக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம். எத்தனையோ ஆஸ்பத்திரிக்குத் துணி அனுப்புகிறோம், நம் குடும்பத்துக்கென்று ஒரு டாக்டர் இல்லையே என்பது அவருக்கு ஆறாத குறை. மனைவி வேலுத்தாய்க்கு அதைவிடப் பெரிய குறை. எதிர்வீட்டில் டாக்டர் போர்டு மாட்டிய நாளிலிருந்து அந்தம்மாள் தெருப்பக்க ஜன்னலையே திறப்பதில்லை. "இந்த வருஷமும் வெறுங்கையோட வந்தீகன்னா வாசல்லயே நின்னுக்கிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

அதனால் குருசாமி இன்று எதிலும் குறை வைக்கவில்லை. பஸ் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அய்யாதுரைக்கு இடம் பிடித்தார். மதுரையில் இறங்கியதும் இட்லி வாங்கிக் கொடுத்தார். வெயிலில் நடந்தால் படித்ததெல்லாம் ஆவியாகிவிடும் என்று ரிக்‌ஷா பிடித்தார். இப்போது பேப்பரை மடித்து அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற பியூன் மலைச்சாமி அவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "என்ன அண்ணாச்சி, இந்த வருஷமும் வந்துட்டீகளா?"

"என்னப்பா செய்ய. போன வருஷம் மலை மாதிரி நம்புனேன், பய உள்ள போயி மயங்கி விழுந்துட்டான். இவன் தேறிருவான். மொகத்தைப் பாரு, ஒரு களை இருக்குல்ல?"

மலைச்சாமி பார்த்தான். களை எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

அந்தச் சமயத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் கலர் பாட்டிலோடு வந்து, "தம்பிக்கு நாக்கு வறண்டிருக்கும், குடிங்க" என்று நீட்டினார். குருசாமி குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

"இவனுக்கு வேண்டியதை நான் பாத்துக்கிடுதேன். நீங்க அங்கிட்டுப் போங்க."

வேட்டிக்காரர் முறைத்துக்கொண்டே போனார். குருசாமி பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"நடுவுல உக்காந்திருக்கவரு ஊரைப் பத்தித்தான் மொதல்ல கேப்பாராம். நீ படிச்சது ஸ்ரீவில்லிபுத்தூரு. கோபுரத்துக்கு எத்தனை நிலை?"

"ஏழு."

"நாசமாப் போச்சு. தெனம் அதைப் பாத்துக்கிட்டேதான பள்ளிக்கூடம் போன? பதினொண்ணு. சொல்லு."

"பதினொண்ணு."

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும். எத்தனை?"

"பதினொண்ணு."

"சத்தமா."

"பதினொண்ணு."

உள்ளேயிருந்து அய்யாதுரையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து நேராக ஜன்னலை நோக்கி நடந்தான். குருசாமி தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பிவிட்டார். கதவு மூடியதும் கண்ணை மூடி ஆண்டாளுக்கு ஒரு மாலை நேர்ந்துகொண்டார். நேரமாகியும் கதவு திறக்கவில்லை என்றதும் அவள் பக்கத்தில் நிற்கும் ரெங்கமன்னாருக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டார்.

அய்யாதுரை வெளியே வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன கேட்டாக?"

"எதுக்கு டாக்டராகணும்னு கேட்டாக. சேவைன்னேன். தொண்டை நல்லாவே கம்முச்சு. ஒருத்தர் தண்ணி குடுத்தாரு."

"பலே. ஊரைப் பத்திக் கேட்டாகளா?"

"ஊரைப் பத்திக் கேக்கவே இல்லை. மனுஷ இதயத்துல எத்தனை அறைன்னு கேட்டாக."

"அது நாலுல்ல? எனக்கே தெரியுமே."

"எனக்கும் தெரியும். ஆனா வாயத் தொறந்தா பதினொண்ணுன்னுதான் வந்துச்சு. பதறாம யோசிச்சுச் சொல்லுப்பான்னாரு நடுவுல உள்ளவரு. யோசிச்சேன். மறுபடியும் பதினொண்ணுதான் வந்துச்சு."

"பொறவு?"

"போயிட்டு வான்னுட்டாக."

அந்தப் பதினொன்றைப் பிள்ளையின் மண்டையில் ஏற்றியவர் குருசாமிதானே. அவனைப் பார்த்தால் பாவமாக இருந்தது, வேலுத்தாயை நினைத்தால் பயமாக இருந்தது. பொங்கி வந்த அவன் கண்ணீரைத் துண்டால் துடைத்துவிட்டார்.

"அழாத தம்பி. மில்லு, பேங்க்குன்னு எம்புட்டோ வேலை கெடக்கு. ஒனக்கும் ஒரு வழி பொறக்கும்."

"வீட்டுல போயி என்ன சொல்லுவேன்?"

"நான் என்னத்தைச் சொல்ல? வெரசா ஊருக்குக் கெளம்பு, ஒங்க அப்பா தேடுவாரு."

அய்யாதுரை படியிறங்கிப் போகும் வரை பார்த்துக்கொண்டு நின்ற குருசாமி, அடுத்த பெஞ்சில் தனியாகப் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த இன்னொரு பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு? எம் மக கமலவல்லி போட்டோ பையிலதான் இருக்கு. இண்டர்வியூவை நல்லபடியா முடிச்சிட்டு வாங்க, காட்டுதேன்."