பச்சை டிக்

ரத்த வங்கியின் டேட்டாபேஸில் தேடித் தரும் குவெரிகளையெல்லாம் தமயந்திதான் ஜாவாவில் புதிதாக எழுதினாள். எண் கேட்கும் இடத்தில் பெயரைக் கொடுத்தால், எழுதிய நிரலைச் சரிபார்க்கும் கம்பைலரே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். "இனிமே தப்பு நுழையவே முடியாது, டெஸ்டிங்கூட வேணாம்" என்று பீற்றிக்கொண்டவளும் அவள்தான். ஒருநாள், ஓ குரூப் பெண்ணுக்கு ஏ குரூப் ரத்தம் ஏற்றிவிட்டதாக மருத்துவமனையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. "ஸ்க்ரீன்ல சேரும்னுதாங்க காட்டுச்சு" என்று போன் செய்த நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். தமயந்தி அந்த வரியைத் தேடிப் பிடித்தாள். கொடுப்பவரின் குரூப்பையும் பெறுபவரின் குரூப்பையும் இடம் மாற்றி எழுதியிருந்தாள். ஓ ரத்தம் ஏ குரூப்காரருக்குச் சேரும்; ஏ ரத்தம் ஓ குரூப்காரருக்கு உயிருக்கே ஆபத்து. இரண்டுமே ரத்த குரூப்தான். கம்பைலருக்கு அதற்குமேல் தெரியாது. "அவங்க இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். நர்ஸ் போனைத் துண்டிக்காமலே டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. தமயந்தியின் விரல் பழக்கதோஷத்தில் கம்பைல் பொத்தானைத் தட்டியது. எப்போதும்போலப் பிழையில்லை என்று பச்சை டிக் விழுந்தது.