சராசரி அறுபது

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. சின்னக் கதைதான். அடுப்புல வச்ச பால் பொங்கறதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன்.

"மாப்பிள்ளை, எட்டரைக்கே கிளம்பிடலாம். பதினொண்ணுக்குப் பேரைக் கூப்பிடும்போது நீங்க ரெண்டு பேரும் ஜட்ஜ் முன்னாடி நிக்கணும். இல்லன்னா ஆறு மாசம் தள்ளிப் போட்டுடுவாங்க" என்றார் பெண்ணின் அண்ணன்.

மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டுகிறவன். தன்னுடைய விவாகரத்துக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வந்திருந்தான். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தான்.

"எதுக்கு மச்சான் அவ்வளவு சீக்கிரம்? கோர்ட்டு நூத்திருபது கிலோமீட்டர். பாலம் வரைக்கும் பாதி தூரம். அதுல ரோடு குண்டும் குழியுமா கிடக்கு, நாப்பதுலதான் போகணும். பாலம் தாண்டிட்டா எண்பதுல போயிடலாம். நாப்பதுக்கும் எண்பதுக்கும் சராசரி அறுபது. ரெண்டே மணி நேரம். ஒன்பதுக்குக் கிளம்பினா பதினொண்ணுக்கு அங்க இருப்போம்."

அண்ணனுக்கு அரை மனசு. வாசலில் கைப்பையோடு நின்ற தங்கையைப் பார்த்தார். மூன்று மாதமாக அவள் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. எதுவானாலும் அண்ணன் வழியாகத்தான் போகும், வரும்.

"நீ சொல்லும்மா. கணக்கு டீச்சர் நீதானே. இவர் சொல்றது சரியா?"

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"நாப்பதும் எண்பதும் நூத்திருபது. ரெண்டால வகுத்தா அறுபது. சரிதாண்ணா."

"மூணு மாசத்துல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். முன்னாடியே ஒத்துப்போயிருந்தா எனக்கு ஒரு நாள் லீவாவது மிஞ்சியிருக்கும்" என்றார் அண்ணன்.

டாண் என்று ஒன்பதுக்குக் கிளம்பினார்கள். முன் சீட்டில் உட்கார்ந்த அண்ணன், மாப்பிள்ளை ஏதாவது தகிடுதத்தம் பண்ணிவிடுவானோ என்று வேகமுள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை. டீச்சரே சொன்ன பிறகு அது எதற்கு?

பாலம் வரை முள் நாற்பதில் நின்றது. பாலம் தாண்டியதும் எண்பதில் நின்றது. டீ குடிக்கக்கூட வண்டி நிற்கவில்லை.

"பின்னாடி வெயில் அடிக்குதான்னு கேளுங்க மச்சான்."

"அடிக்கலைன்னு சொல்லுண்ணா."

கோர்ட்டுப் படியேறியபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றேகால். கதவருகே நின்ற ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு. இனி ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அண்ணன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். "பஞ்சர் ஆகல. எங்கேயும் நிக்கல. சொன்ன வேகத்துலதான் வந்தோம். அந்தக் கால் மணி நேரம் எங்கதான் போச்சு?"

மாப்பிள்ளை கார் சாவியைச் சட்டையில் துடைத்தான். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"பசிக்குதான்னு கேளுங்க மச்சான்."

"ஏன், உங்க வாயில என்ன கொழுக்கட்டையா? நீங்களே கேளுங்க" என்றார் அண்ணன்.

கேட்டான். அவள், "ம்" என்றாள்.

வருஷா வருஷம் எட்டாம் வகுப்புப் பரீட்சையில் அவள் வைக்கிற கணக்கு அது. பாதி தூரம் நாற்பது, பாதி தூரம் எண்பது, சராசரி வேகம் என்ன? மெதுவாகப் போகிற பாதிதான் அதிக நேரத்தைத் தின்னும் என்பதை மறந்து, அறுபது என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு முட்டைதான். போன வருஷம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை அறுபதுக்கும் சிவப்பு மையில் முட்டை போட்டவன் அவன்.

உங்க வீட்லயும், வேணுங்கற நேரத்துல ஒரு கால் மணி நேரம் இப்படிக் காணாமப் போகட்டும். எல்லாரும் நல்லா இருங்க.