பக்கத்து சீட்டு

"பாத்தியாலே பேச்சிமுத்து, ஒன்றரை மணி நேரத்துல சென்னை!" லாரி முதலாளி வானத்தையே விலைக்கு வாங்கியவர்போல் சொன்னார். புது லாரியை ஓட்டிவர, டிரைவரை முதல்முறையாக விமானத்தில் கூட்டிப்போகிறார். பேச்சிமுத்து கீழே பார்த்தான். அவன் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டும் தூத்துக்குடிச் சாலை அரைஞாண்கயிறாகக் கிடந்தது.

பேச்சிமுத்துவின் அம்மா ஊரில் செத்த அன்று இருவருமே சென்னையில்தான் இருந்தார்கள். "எப்படியும் நாளைக்குத்தான போய்ச் சேருவ, லோடு ஏத்திட்டே கெளம்பு" என்றது இதே வாய். அவன் வருவதற்குள் எரித்துவிட்டார்கள். செத்த அன்றே விமானத்தில் பறந்து வந்து ரோஜா மாலை போட்ட முதலாளியை ஊரே மெச்சியது.

"என்னலே, பயமா?"

"இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு மாலையோட வந்தீங்கள்லா, பக்கத்து சீட்டுல யாரு இருந்தா?"