மைக் எட்மண்டின் குழாய் ஜோக்

"அந்த ஆளு மேடையில ஏறுனா, மைக்கைக் கழட்டிகினு வூட்டுக்குப் போயிடுவேன் ஜான்சிம்மா. அப்புறம் உங்க இஷ்டம்."

ஷாகுல் சொன்னால் செய்கிறவர். மேற்குத் தாம்பரத்தில் நெடுங்காலமாக மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். மாதா கோயில் ஹாலில் நாற்காலிகளைச் சரிசெய்துகொண்டிருந்த ஜான்சி அப்படியே நின்றாள். கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. விழா அவள் அப்பா 'மைக்' எட்மண்டுக்கு. முதலாண்டு நினைவு நாள்.

எட்மண்டுக்குத் திரையும் கிடையாது, கதாநாயகியும் கிடையாது. ஒரு மைக், ஒரு ஸ்டூல், தனியாளாக நின்று ஊரைச் சிரிக்க வைப்பார். எண்பதுகளில் பல்லாவரம் முதல் செங்கல்பட்டு வரை அவர் எங்கே பேசினாலும் ஷாகுல்தான் மைக்செட். மந்திரி, கவுன்சிலர், ரேஷன் கடை என்று எட்மண்ட் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மனிதரைப் பிளந்த வாயோடு பார்த்த ஷாகுல், இன்னும் வாயை மூடவில்லை. மகள் ஃபரா செல்போனில் இந்தக் காலத்து ஸ்டாண்ட்-அப் காமெடியன்களைக் காட்டினால், "நல்லாத்தான் கீது. ஆனா மாமியாரைக் கலாய்க்க இன்னாத்துக்கு தைரியம்?" என்பார்.

இப்போது அவர் கோபத்துக்குக் காரணம் முதல் வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். எலியேசர். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி.

அந்தக் காலத்தில் டிக்கெட் போட்டு மேடையேற வேண்டுமென்றால், பேசப்போவதை முழுக்க எழுதி முன்கூட்டியே போலீசிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் வேண்டாததை வெட்டி, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தித் தருவார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினாலும் கேஸ். எட்மண்ட் எழுதியதெல்லாம் எலியேசரிடம்தான் போகும். போதாக்குறைக்கு நிகழ்ச்சிக்கும் அவரே வந்து கடைசி வரிசையில் நிற்பார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும். எலியேசரின் மீசை மட்டும் அசையாது.

அவரைத்தான் ஜான்சி தலைமை தாங்க அழைத்திருந்தாள். அது அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டுக்கொண்டது என்றும், மீதியை மேடையில் சொல்வதாகவும் ஷாகுலிடம் கெஞ்சினாள்.

"உங்கப்பா பெரிய மனுசன், மன்னிச்சுட்டாரு. நான் மைக்செட்காரன். மன்னிக்க மாட்டேன்" என்றார் ஷாகுல்.

சொன்னபடியே ஒயரைப் பிடுங்கினார். மைக் இல்லாமல், மின்விசிறிச் சத்தத்தில், அந்த ஹாலில் ஒருவர் பேச்சும் நாலாவது வரிசையைத் தாண்டாது. ஜான்சிக்குக் கண் கலங்கியது. போகிற போக்கில் ஷாகுல் நேராக எலியேசர் முன்னால் போய் நின்றார்.

"சார், என்னை ஞாபகம் இருக்கா?"

எலியேசர் நிமிர்ந்து பார்த்தார். "மைக்செட் ஷாகுல்" என்றார்.

"எங்க எட்மண்ட் சார் ராவெல்லாம் முழிச்சு எழுதுனதை, சரக் சரக்னு வெட்டினீங்களே, அது ஞாபகம் இருக்கா?"

"வெட்டினேன்."

வருத்தமுமில்லை, மறுப்புமில்லை. அது ஷாகுலை இன்னும் கிளறிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்க்க, அவர் குழாய் ஜோக்கை எடுத்தார். தாம்பரத்தில் அதைக் கேட்டவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்வார்கள்.

ஊருக்குத் தண்ணீர்க் குழாய் திறக்க மந்திரி வருகிறார். மாலை, மேளம், ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு குழாயைத் திருகுகிறார். புஸ்ஸென்று வெறும் காற்று. ஜனம் திகைத்து நிற்கிறது. இதுவரை சொல்லிவிட்டு எட்மண்ட் ஸ்டூலில் இருந்து மெதுவாக எழுந்து, மைக்கைக் கையில் எடுத்துச் சொல்வார்: 'பயப்படாதீங்க, கனெக்‌ஷன் சரியாத்தான் குடுத்திருக்காங்க. மேடையில வர்றதுதான் குழாயிலயும் வருது.'

"ஒரு நிமிசம் ஹால்ல மூச்சு சத்தம்கூட இல்ல, சார். அப்புறம் பாருங்க, கூரை பிச்சிகினு போச்சு. கட்சிக்காரனுங்க அடிக்கப் பாய்ஞ்சானுங்க. எட்மண்ட் சார் நகரலியே. பேப்பரைத் தூக்கிப் போலீஸ் முத்திரையைக் காமிச்சாரு. வந்தவன் அத்தனை பேரும் வாயை மூடிகினு எறங்கிட்டான். அந்த ஒரு வரிக்காக நான் அவரு காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவேன்."

ஷாகுலுக்கு இத்தனை வருடம் கழித்தும் அந்த வரியைச் சொல்லும்போது உடம்பு சிலிர்த்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்டார்.

"அவ்ளோ வெட்டினீங்க. அந்த ஒரு வரி மட்டும் உங்க பேனாவுல இருந்து எப்படித் தப்பிச்சுது?"

எலியேசர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் வந்து நின்ற ஜான்சி வாயைத் திறக்க, "வேணாம்மா" என்று கையை அசைத்தார். அவள் கேட்கவில்லை.

"அது தப்பிக்கல அண்ணா. அப்பாவே ஆஸ்பத்திரியில சொன்னாரு. அந்த இடத்துல அப்பா மந்திரியைப் பேர் சொல்லி நாலு கெட்ட வார்த்தை எழுதி வச்சிருந்தாராம். அதை அடிச்சுட்டு, நீங்க சொன்ன அந்த வரியை எழுதி, மேலேயே முத்திரையும் குத்திக் குடுத்தது எலியேசர் சார்தான்."