பின்சுவரில் சிவப்பு

அக்கா ஓட்டுவது அப்பா காலத்து லாரி. போன வாரம் மழையில், பின்னால் வந்த பஸ் ஒன்று முட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. பின்விளக்கு அவ்வளவு மங்கல்.

"இதுக்கு ஒரு ஊதுவத்தி கொளுத்தி வச்சாக்கூட நல்லாத் தெரியும்," என்றான் எலக்ட்ரீஷியன் தம்பி. துருவேறிய வயரை மாற்றி, புது எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினான். வெளிச்சம் பார்ப்பதற்காக ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு, வண்டியில் ஏறி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பிரேக்க மிதிக்கா."

மிதித்தாள். பக்கக் கண்ணாடியில் பின்சுவர் முழுக்கச் சிவந்தது. அந்தச் சிவப்பில் ஓர் ஆளின் நிழல் நின்றது.

"ஷெட்டுல வேற யாராச்சும் இருக்காங்களாடா?"

"நாம ரெண்டு பேருதான். ஏன்?"

காலை எடுத்து மறுபடி மிதித்தாள். நிழல் பெரிதாகியிருந்தது. விளக்கை நெருங்க நெருங்கத்தான் நிழல் பெரிதாகும் என்பது அவளுக்குத் தெரியும்.

தம்பி இறங்கிப் பின்னால் போனான். சுவரில் இப்போது இரண்டு நிழல்கள், தோளோடு தோள்.

"ஒருத்தரும் இல்லக்கா. கால எடு, கண்ணு கூசுது."

"எடுக்க மாட்டேன். நீ மொதல்ல வந்து ஏறு!"

அவன் சிரித்துக்கொண்டே வந்து ஏறி, கதவைச் சாத்தினான். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். சுவரில் ஒரு நிழலும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அப்போது காலி லாரியின் பின்பக்கம், யாரோ கால் வைத்து ஏறியதுபோல லேசாக அமுங்கி எழுந்தது. தம்பியின் சிரிப்பு நின்றது.