அக்காவின் இடப்பக்கம்

மூச்சு உள்ளே போகும் வழியை வண்ணத்தில் காட்டும் புது ஸ்கேன் கருவி வந்திறங்கியதிலிருந்து, ஸ்கேன் எடுக்கும் தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் ஆளாகத் தன் அக்காவையே படுக்கவைத்தாள். பாட்டு டீச்சரான அக்காவுக்கு இடது நுரையீரலை எடுத்து இரண்டு வருஷமாகிறது.

"நல்லா இழுத்து விடுக்கா."

திரையில் வலப்பக்கம் நீலமாக மலர்ந்தது. அடுத்து இடப்பக்கமும் மலர்ந்தது. தங்கை பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்தாள். எடுத்தது இடதுதான்.

"அக்கா, ரெண்டும் தெரியுது!" என்று கத்தியே விட்டாள்.

"நான்தான் சொன்னேனேடி, இப்பல்லாம் மாடி ஏறினா இரைக்கிறதே இல்லைன்னு!" அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சரி, இப்ப மூச்சைப் பிடிச்சுக்கோ."

அக்கா பிடித்துக்கொண்டாள். வலப்பக்கம் அசையாமல் நின்றது. இடப்பக்கம் நிதானமாக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.