மாவு மாத்திரை

களைப்பைக் குறைக்கும் ஒரு புது மருந்தைச் சோதிப்பதற்காக, ஆய்வாளர் இம்மானுவேல் தினமும் பயிற்சிக்கு முன்னால் பொற்கொடிக்கு ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். ஆறே வாரத்தில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் நான்கு வினாடி குறைத்துவிட்டாள். ஆய்வு முடிந்த அன்று அவர் சிரித்தபடி, "உங்களுக்குக் கொடுத்தது வெறும் மாவும்மா. மருந்து மத்தவங்களுக்குத்தான். உங்களை ஓட வச்சது உங்க நம்பிக்கை" என்றார்.

"மாவுன்னு சொன்னா எப்படி ஓடுறேன்னு பார்க்கிறீங்களா? இதுவும் ஆராய்ச்சிதானா?"

"சத்தியமா இல்ல." யாருக்கு மருந்து, யாருக்கு மாவு என்று குறித்திருந்த பெயர்ப்பட்டியலை எடுத்துக் காட்டினார்.

"இதுவும் நீங்க டைப் அடிச்சதுதானே சார்?"

மறுநாள் மாத்திரை இல்லாமல் ஓடினாள். குறைந்த நான்கு வினாடியும் திரும்ப ஏறியிருந்தது. மாநில அணித் தேர்வு நாளன்று, வெட்கத்தை விட்டு அவரிடமே ஒன்று கேட்டு வாங்கி விழுங்கினாள். முதலாவதாக வந்தாள்.

ஊக்கமருந்துச் சோதனை அறையில் அதிகாரி படிவத்தை எடுத்தார். "மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"மாவு மாத்திரை சார்."

"மாவுன்னு யாரு சொன்னது?"

பொற்கொடி கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினாள். வெளியே நின்றிருந்த இம்மானுவேல், அவள் பார்ப்பதைக் கண்டதும், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.